பக்கத்து வீட்டம்மா கேட்கச் சொன்ன சந்தேகம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா?

ஒரு நல்ல சேதி. பதினெட்டு வருடமாகப் பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த என்னை, சுகாதார அலுவலகத்தில் புதிதாகத் தொடங்கியிருக்கும் விழிப்புணர்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பங்களுக்கான அறிவுரைத் தாள் எழுதுவதுதான் இனி என் வேலை. பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் எழுதி எழுதிச் சலித்தவன், இனி நடுவில் இருப்பவர்களைக் கவனிக்கப் போகிறேன்.

முதல் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தலைப்பு ‘வீட்டுக்குள்ளேயே விபத்து!’. ஆச்சரியக்குறி என் மேலதிகாரி போட்டது. மருந்தை வேறு பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள், நாற்காலி மேல் ஏறாதீர்கள், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள் என்று பதினைந்து வரி. சாதாரணக் குடும்பம் ஒன்று படித்துவிட்டுக் கருத்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார் அவர். உங்களைவிடச் சாதாரணமான குடும்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

போனிலேயே கேட்கலாம். ஆனால் அத்தான் போனை வாங்கி, பதினான்காவது மாடியில் லிஃப்ட் நின்றுபோன கதையை ஆரம்பித்துவிடுவார். அதனால் எழுது.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வருடாந்தரப் பரிசோதனையில் டாக்டர் சும்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

பதவி மாற்றம் கேட்டு மனம் நிறைந்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். முழங்கால் தன் இஷ்டப்படி இருக்கிறது. அடுத்த பள்ளி வருடத்துச் சீருடைகள் இப்போதே தைக்க வந்துவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. கடையில் நிற்கக்கூட இடமில்லாமல் காக்கிக் கால்சட்டைகளாகக் குவிந்து கிடக்கின்றன.

உன் தாளை உன் அத்தான் சத்தமாகப் படித்துக் காட்டினார். நாற்காலி விஷயம் வந்ததும் நிறுத்திவிட்டார். “முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் குழிக்குள்ள கயித்தைப் பிடிச்சுத் தொங்கினவன் நான். எனக்கு நாற்காலியப் பத்திப் பாடமா? உன் தம்பி ஸ்டூல்ல உட்கார்ந்தாலே தலை சுத்தும்” என்றார். அதைக் கருத்து என்று எழுதிக்கொள். என் கருத்து, தாள் நல்ல தடிமன். காலர் அளவு வெட்டி வைக்கத் தோதாக இருக்கிறது. இன்னும் நாலு அனுப்பு.

நம் வீட்டில் எல்லாம் நீ எழுதியபடியேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டம்மாதான் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர், இருமல் மருந்து காலியான பாட்டிலில் மெஷின் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தாராம். அதிலிருந்தே ஒரு ஸ்பூன் உள்ளே போய்விட்டதாம். இப்படி ஆனால் வாந்தி எடுக்க வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிறாள். அந்த மனிதர் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். இரண்டு நாள் ஏப்பம் விட்டால் மட்டும் தையல் மெஷின் வாசனை வந்ததாம். இருமலும் நின்றுவிட்டது, அது வேறு விஷயம்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அந்த அம்மாவிடம் உடனே சொல். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. எண்ணெய் திரும்பி வரும்போது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இப்போதும் அவருக்கு இருமலோ மூச்சுத் திணறலோ காய்ச்சலோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. நின்றுபோன இருமலைப் பற்றி நீ எழுதியதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள். எண்ணெய் மருந்து இல்லை!

மேலதிகாரியிடம் சொன்னேன். “அடேயப்பா, நிஜமாவே நடந்ததா?” என்று பூரித்துப்போய்விட்டார். பெயர் போடாமல் அடுத்த தாளில் சேர்க்கிறோம். அந்த அம்மாவுக்கு அலுவலகத்தின் சார்பில் நன்றி சொல்லிவிடு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் எழுத்து வரவர ஏன் இவ்வளவு பெரிதாகிறது? ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் இருக்கிறது. கடைப் பலகை எழுதுகிற மாதிரி எழுதுகிறாய்.

நீங்கள் இருவரும் நலம்தானே? நாங்கள் நலம்.

தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். எண்ணெய் குடித்தவரை டாக்டர் பார்த்துவிட்டார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினாராம். உன் பதிலையும் உன் அத்தான்தான் படித்தார். ‘எண்ணெய் மருந்து இல்லை!’ என்ற இடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது.

எழுத்தைப் பற்றிக் கேட்டாய். பெரிய மனுஷி பெரிதாகத்தான் எழுதுவாள்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு இன்னொரு சந்தேகம். அவள் வேலை செய்கிற இடத்தில் ட்யூப் லைட் மங்கலாக இருக்கிறது என்று சொன்னாளாம். அவள் வீட்டுக்காரர் மேசையைப் போட்டு, மேசை மேல் முக்காலியைப் போட்டு, முக்காலி மேல் தடித்த துணிக் கட்டு ஒன்றையும் போட்டு ஏறினாராம். ஏறினதைவிட வேகமாக இறங்கிவிட்டார். வலது மணிக்கட்டு பன் மாதிரி உப்பியிருக்கிறது. சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு நீவினால் போய்விடும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். சுளுக்கா முறிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீவலாமா? சீக்கிரம் எழுது என்கிறாள்.

இங்கே வேலை கொஞ்சம் தேங்கிவிட்டது. உன் அத்தானுக்குச் சட்டைப் பொத்தான்கூட நானே போட்டுவிட வேண்டியிருக்கிறது. வயது ஆக ஆக மனிதருக்குச் செல்லம் கூடுகிறது.

அவசரமாக,
அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீவக் கூடாது. மோதிரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். கையை அட்டையில் வைத்துக் கட்டி, தோளிலிருந்து தொங்கவிட்டு, இன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முறிவா இல்லையா என்பதை எக்ஸ்ரே சொல்லும். பக்கத்து வீட்டம்மா சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டம்மா என்றதும் நினைவு வந்தது. நேற்று பேருந்தில் உட்கார்ந்துகொண்டு உன் தெருவை மனத்துக்குள் நடந்து பார்த்தேன். கடையும் வீடும் ஒன்றாக இருக்கும் உன் கட்டடத்துக்கு இடப்பக்கம் வங்கி. வலப்பக்கம் பூட்டிக் கிடக்கிற சிமெண்ட் குடோன். எதிரே தபால் நிலையம். அக்கா, பக்கத்து வீடு எங்கே இருக்கிறது? அந்த அம்மா எங்கே குடியிருக்கிறாள்? வங்கியின் பெட்டகத்திலா?

அந்தம்மா வேலை செய்கிற இடத்தில் முக்காலி இருக்கிறது, தடித்த துணிக் கட்டு இருக்கிறது, மெஷின் எண்ணெய் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நான் போலீஸ் வேலைக்குப் போகாதது நல்லதுதான்.

எனக்குக் கோபம் இல்லை. பயம்தான். இத்துடன் வீட்டுப் பாதுகாப்புக் கேள்வித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். நாற்பது கேள்வி. அத்தான் கையாலேயே நிரப்பி வரட்டும். எந்தக் கையாலோ!

கவலையோடு,
தம்பி

மார்ச் 20

மச்சானுக்கு,

சௌக்கியம். எக்ஸ்ரே எடுத்தாயிற்று. முறிவுதான். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இடது கையால் எழுதுவதால் சுருக்கமாக எழுதுகிறேன். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத முடியாது. முக்கியமானவை மட்டும்.

கேள்வி 3. அவசர எண்கள் சுவரில் ஒட்டப்பட்டுள்ளனவா? ஒட்டியிருக்கிறது. படிக்க வேண்டுமென்றால் நாற்காலி மேல் ஏற வேண்டும்.

கேள்வி 7. உறுதியான ஏணி உள்ளதா? உள்ளது. வங்கிக்காரர்கள் இரவல் வாங்கிப்போய் மூன்று வருடம் ஆகிறது. அவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள்.

கேள்வி 12. மருந்துகள் அவற்றுக்குரிய பாட்டிலில் உள்ளனவா? இப்போது உள்ளன. எண்ணெயை மாற்றி ஊற்றி வைத்தது நான். அவசரத்தில் எடுத்துக் குடித்ததும் நான். உன் அக்காவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேள்வி 19. குளியலறைத் தரை வழுக்குமா? வழுக்கும். அதனால்தான் ஜாக்கிரதையாக நடக்கிறோம். வழுக்காவிட்டால் அஜாக்கிரதையாக நடப்போம்.

கேள்வி 33. விபத்து நேர்ந்தால் உறவினருக்கு உடனே தெரிவிப்பீர்களா? பக்கத்து வீட்டம்மா தெரிவிப்பாள்.

உன் தாளில் விட்டுப்போன ஒரு கேள்வியை நான் சேர்க்கிறேன். கேள்வி 41. இந்தக் கேள்விகளை எழுதியவர், தனக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறாரா? ஜனவரியில் ‘சும்மா ஒரு மாத்திரை’ என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. லிஃப்டில் சும்மா ஒரு போல்ட் என்று எதுவும் கிடையாது மச்சான். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதில் போடு.

உன் அத்தான்

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று வழக்கமாகக் கேட்பேன். இப்போது நிஜமாகவே கேட்கிறேன்.

உன் அத்தான் எழுதி நாற்பது நாளாகிறது. கேள்வித்தாளில் கிண்டல் பண்ணியது உனக்குக் கோபமா? அவர் அப்படித்தான் என்று உனக்குத் தெரியாதா? “ஓவரா எழுதிட்டேனோ?” என்று தினமும் என்னிடம் கேட்கிறார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார். படியில் பார்த்து இறங்குங்கள் என்று நான் பின்னால் கத்துகிறேன்.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் மனைவிதான் எடுத்தாள். நீ மீட்டிங்கில் இருக்கிறாய் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என்னடா மீட்டிங்? அவள் கணக்கு டீச்சர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். குரலிலேயே தெரிகிறது.

சண்டை போட வேண்டுமானாலும் போடு. ஆனால் எழுது.

உன் அக்கா

மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் இதைப் படித்துவிடுங்கள். அவர் நன்றாக இருக்கிறார். இன்னும் மருத்துவமனையில்தான், ஆனால் எழுந்து நடக்கிறார். பேசுகிறார். இனி நான் எழுதுவதைப் பதறாமல் படியுங்கள்.

ஏப்ரல் 18-ஆம் தேதி, இரத்த அழுத்தம் பற்றிய அவருடைய புதிய தாள் வெளியீட்டு விழா நடந்தது. அரங்கில் இருநூறு பேர். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பக்கவாதத்தின் அறிகுறிகளை இவர் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். 10:40-க்கு, “முகம் ஒரு பக்கமா இழுக்கும்” என்றார். அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்தது. “ரெண்டு கையையும் தூக்கினா ஒண்ணு கீழ இறங்கும்” என்று தூக்கிக் காட்டினார். வலது கை கீழே இறங்கியது. “பேச்சு குழறும்” என்ற வார்த்தையே குழறியது. 10:42. அரங்கமே கைதட்டியது. மேலதிகாரி, “தத்ரூபம்! தத்ரூபம்!” என்றார்.

நானும் கைதட்டினேன், அண்ணி. பதினாறு வருடம் கூட வாழ்ந்தவள்.

அலுவலகக் கேன்டீனில் டீ போடுகிற அம்மா, கடைசி வரிசையில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தாளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். “நிறுத்துங்கய்யா கைதட்டறதை! சார் நடிக்கல. அவருக்கு நடிக்க வராது!” என்று கத்தினார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். “அஞ்சாவது வரியப் படிங்க! தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு! ஆறாவது வரி, மணி என்னன்னு குறிச்சுக்கங்க! யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!” என்று தாளைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் விரட்டினார். 11:25-க்கு மருத்துவமனையில் இருந்தோம். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். நேரத்தோடு வந்ததால்தான் பிழைத்தார் என்றார் டாக்டர்.

அவர் மேசை இழுப்பறையில் மாத்திரை அட்டைகள் ஒன்பது இருந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா நான் நோயாளி ஆயிடுவேன். நோயாளி எழுதின அறிவுரையை எவன் படிப்பான்?” என்று குழறிக் குழறிச் சொன்னார். பத்து நிமிடம் பிடித்தது அந்த இரண்டு வாக்கியத்துக்கு. நான் திட்டலாம் என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். அதனால்தான் மீட்டிங் என்று பொய் சொன்னேன். மன்னித்துவிடுங்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், கேள்வி 41-ஐ இவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மருத்துவமனையில் சட்டையைக் கழற்றும்போது கிடைத்தது.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
தம்பி மனைவி

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நாங்கள் நலம். ஒரு மாதம் உன் வீட்டில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறது. உப்பில்லாச் சமையலிலும் எப்படிக் கூடியது என்று தெரியவில்லை. நீ தினமும் பந்தை அமுக்கிக் கைப்பயிற்சி செய்கிறாயா? உன் அத்தானுக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. அவரும் இங்கே உன்னோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு பந்தை அமுக்குகிறார்.

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராத ஒரு விஷயத்தை இப்போது எழுதுகிறேன். நாங்கள் வந்த முதல் நாள், நான் உன் படுக்கைக்கு வரத் தாமதமானது நினைவிருக்கிறதா? மாடி தெரியாமல் சுற்றினேன் என்று சொன்னேன். அது பொய். உன் அத்தான் கீழே பார்வையாளர் சீட்டு வாங்க நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. வார்டுக்குள் புகுந்து, ஜன்னல் ஓரம் படுத்திருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏண்டா இப்படிப் பண்ணினே? மாத்திரையை முழுங்கினா உன் கௌரவம் போயிடுமா? நீ போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?” என்று அழுது, திட்டி, அரை மணி நேரம் பேசினேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில், “இனிமே ஒழுங்கா முழுங்கறேம்மா. ஆனா நீங்க யாருன்னு தெரியலையே” என்றார். நீ நாலு கட்டில் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தாய்.

கண் தெரியவில்லை தம்பி. இரண்டு வருடமாக. பனி மூடின கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது உன் அத்தான். அளவு நாடாவைப் படிப்பது அவர். உன் கடிதங்களைப் படிப்பதும் அவர். வெளியே தெரிந்தால் யார் என்னிடம் துணி கொடுப்பார்கள்? உனக்குத் தெரிந்தால் கடையை மூடு என்பாய். அதனால் மறைத்தேன்.

அவர் உனக்கு எழுதிய பதிலும் பொய். எண்ணெயை மாற்றி ஊற்றி வைத்தது அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி இருமுகிறாரே என்று அலமாரியில் தடவி, பாட்டிலை எடுத்து, ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தவள் நான். நான் கொடுத்தால் அவர் என்ன ஏது என்று பார்க்க மாட்டார், வாயைத் திறப்பார். ட்யூப் லைட் மங்கலாகவும் இல்லை. மங்கல் என் கண்ணில்தான் இருந்தது. எனக்கு வெளிச்சம் போதவில்லையே என்று, நன்றாக எரிகிற விளக்கை மாற்ற மேலே ஏறினார் அந்த மனிதர்.

உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பொய்களையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அதனால் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

சொந்தக் கையால் எழுதுகிறேன். கோழி நடந்த மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். இந்தப் பக்கத்தை எழுத இரண்டு நாள் ஆனது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு ஜன்னலோரக் கட்டில்காரரை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வாய் இன்னும் கொஞ்சம் கோணுகிறது. என் மனைவி அதை அளவுகோல் வைத்துக் குறித்து வைக்கிறாள், வாரத்துக்கு வாரம் குறைகிறதாம்.

நம் இருவர் மேலும் யார் வழக்குப் போட்டாலும் ஒரே தண்டனைதான் கிடைக்கும். நான் என் உடம்பை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நீ உன் கண்ணைப் பக்கத்து வீட்டில் குடிவைத்தாய். நான் உனக்கு அறிவுரை சொல்லப்போவதில்லை. அந்த உரிமை எனக்குப் போய்விட்டது. பேரம் பேசுகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலியான மாத்திரை அட்டையைத் தபாலில் உனக்கு அனுப்புகிறேன். நீ கண் டாக்டரிடம் போ. கண்ணில் புரை விழுந்திருக்கும். அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். நீ போகாவிட்டால் நான் மாத்திரையை நிறுத்துவேன் என்று எழுதத் தொடங்கினேன். என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதை அடிக்கச் சொல்லிவிட்டாள்.

கேன்டீன் அம்மாவுக்கு நன்றி சொல்லப் போனேன். “நன்றி எல்லாம் இருக்கட்டும் சார், எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க. அன்னைக்கு அஞ்சாவது வரியப் படிக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போச்சு” என்றார். அவரை அடுத்த தாளுக்குக் கருத்துச் சொல்லப் போட்டிருக்கிறோம். ஏற்கெனவே நாலு வரியை அடித்துவிட்டார்.

அத்தானிடம் சொல். கேள்வி 41-க்குப் பதில், ஆம். ஏப்ரல் 19-லிருந்து.

உன் தம்பி

ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு வரி எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள். உன் மாத்திரை அட்டைகள் ஆறும் வந்து சேர்ந்தன. நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று அவற்றைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

இரண்டு கண்ணிலும் அறுவை முடிந்துவிட்டது. கட்டுப் பிரித்ததும் என்னை உட்கார வைத்து, எதிரே இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, கீழே அச்சகத்தின் பெயரையும் படித்தேன். உன் அத்தான் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவும் தெரிந்தது.

கடைக்கு வந்தேன். தைத்துத் தொங்கவிட்டிருந்த சட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன் தம்பி. பொத்தான் துளைகள் ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தை இல்லாமல் ஆளுக்கொரு திசையில் போகின்றன. பைகள் சாய்ந்திருக்கின்றன. இரண்டு வருடமாக இதையா தைத்துக் கொடுத்தேன்? ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அந்த நேரம் பார்த்து வங்கி மேனேஜர் படி இறங்கினார். காலரின் ஒரு முனை மற்றதைவிட ஒரு விரல் நீளம். என் கடைச் சட்டை. கூப்பிட்டு நிறுத்தி, “இதைப் போட்டுக்கிட்டா தினம் ஆபீஸ் போறீங்க? சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன். அவர் நெளிந்தார். “எங்க பிராஞ்சுல எல்லாருக்கும் இப்படித்தான்மா இருக்கு. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க. அப்புறம் கடையை மூடிட்டா சார் யார்கிட்ட போய் லிஃப்ட் கதை சொல்லுவார்?” என்றார்.

அன்றைக்கே வாசலில் பலகை எழுதி மாட்டிவிட்டேன். ‘இரண்டு வருடத்தில் இங்கே தைத்த துணிகளைக் கொண்டுவரவும். சும்மா சரிசெய்து தரப்படும். குறையை வாய் திறந்து சொல்லவும்.’ மறுநாள் காலை தபால் நிலையம் வரைக்கும் வரிசை நிற்கிறது. ஒவ்வொருவரும் பையைத் திறந்து, “பெரிசா ஒண்ணும் இல்லம்மா, இந்த இடத்துல மட்டும் லேசா” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குக் கால்சட்டையில் ஒரு கால் இரண்டு அங்குலம் குட்டை. வகுப்பில் எப்போதும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே பாடம் நடத்தினாராம். பையன்கள் அதை அவருடைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

வேலை மலை போலக் கிடக்கிறது. நான் தைக்கிறேன், உன் அத்தான் பழைய தையலைப் பிரிக்கிறார். இருவரும் பேசிப் பேசிச் சிரிக்கிறோம்.

போன வருடம் உன் பிறந்த நாளுக்கு ஒரு நீலச் சட்டை தைத்து அனுப்பினேன். ஒரு மாதம் உன் வீட்டில் இருந்தபோதும் அதை நீ போட்டு நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு, விசேஷத்துக்கு வைத்திருப்பதாக உன் மனைவி சொன்னாள். அப்போது அவள் குரல், ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் குரல்.

அடுத்த மாதம் வரும்போது அதை எடுத்துக்கொண்டு வா. நடு மேசையில் விரித்துப் போடு. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எங்கெங்கே கோணல் என்று ஒவ்வொன்றாகச் சொல். நான் அழ மாட்டேன்.

நீங்கள் இருவரும் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு,
இப்போது நன்றாகவே பார்த்துக்கொண்டு,
உன் அக்கா